ததேயுஸ் போட்டு நடந்த கல்யாண ஷூ

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்கில் பெயில். ஆனால் கோட்டாற்றில் வந்து இறங்கி "ஞானசிங் கடை எது?" என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவார்கள். கோயில் திருவிழாக்களில் சாக்கு விரித்து ரப்பர் செருப்பு விற்றவன், இன்று இரண்டு மாடிக் கடை வைத்திருக்கிறேன். மேல்மாடி முழுக்க மாப்பிள்ளை ஷூ. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். ஒருவர் படியேறி வரும்போதே அவர் கால் அளவைச் சொல்லிவிடுவேன். இன்றுவரை தப்பியதில்லை.

இப்படிப்பட்ட நான் என் கதையை எழுதாமல் இன்னொருவர் கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயர் ததேயுஸ். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். என் கடையில் பத்து வருடமாக வேலை பார்க்கிறார். அவர் எனக்குச் செய்ததை நான் எழுதி வைக்காமல் கண்ணை மூடினால், ஆண்டவர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ததேயுஸின் அப்பா கட்டுமரத்தில் போனவர். அண்ணன்மார் இன்றும் வள்ளத்தில் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததும் குடல் வெளியே வரும்படி வாந்தி. மூன்று வருடம் விடாமல் போய்ப் பார்த்திருக்கிறார். "இவன் மீன் பிடிக்க வரல்ல, மீனுக்குச் சோறு போட வாறான்" என்று கூட வருகிறவர்கள் கேலி செய்வார்களாம். வெட்கம் தாங்காமல் இருபத்திரண்டாவது வயதில் குவைத்துக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் முதலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அப்புறம் வாசல் கூடத்தில், வருகிற விருந்தாளிகளின் ஷூவுக்குப் பாலிஷ் போடும் ஸ்டூல். அந்த ஸ்டூலில் இருபது வருடம்.

பாலிஷ் போட்டவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ததேயுஸ் செய்தது வேறு. விருந்தாளிகள் வேண்டாம் என்று விட்டுப் போகிற பழைய ஷூக்களை அறைக்குக் கொண்டுபோய், மீனைக் கீறுவது போலக் கீறிப் பார்ப்பாராம். வெளியே ஒரே மாதிரி மின்னுகிற இரண்டு ஷூவில் ஒன்றுக்குள் தோல் இருக்கும், மற்றதற்குள் அட்டை இருக்கும். எவரும் சொல்லித் தரவில்லை. கத்தியும் கையுமாக இருந்து தானே கண்டுகொண்டார். நானும் தானாகக் கற்றவன் என்பதால் சொல்கிறேன், அப்படிக் கற்றது மறக்காது.

முழங்கால் போனதும் 2014-இல் ஊருக்கு வந்துவிட்டார். அந்த வருடம்தான் மனைவி செசிலியோடு என் கடைக்கு வந்தார். எங்கள் மாவட்டத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குக் கோட்டும் ஷூவும் பெண் வீட்டார்தான் எடுக்க வேண்டும். தங்கை மகளைக் கட்டப்போகிற மாப்பிள்ளைக்கு ஷூ எடுக்க மாமன்காரராக வந்திருந்தார்.

பதினொரு ஜோடி எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் வாங்கி முன்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கி வளைப்பார். மூக்கருகே கொண்டுபோவார். உள்ளே விரலை விட்டுத் துழாவுவார். கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னவேய், ஷூ வாங்க வந்தீரா, பிரேதப் பரிசோதனைக்கு வந்தீரா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செசிலி அவர் கையைச் சுரண்டினாள். "வல்லதும் ஒண்ண எடுங்க, போவோம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. "முதலாளி, இத ஒருக்கா வளச்சுப் பாருங்க. பாத்தியளா, பெயின்ட் அடிச்ச தகரம் மாதிரி ஒத்த மடிப்பா விழுகு. நல்ல தோலு இப்பிடி விழாது. நம்ம கைமுட்டித் தோலு போல பொடிசு பொடிசா சுருங்கும், விட்டா தெளிஞ்சிரும். இது தோலுக்க மேல பிளாஸ்டிக் பூசினது."

"நல்ல பளபளன்னு இருக்குல்லா?"

"அதுதான் சந்தேகம். ஒரு புள்ளி இல்ல, ஒரு வரி இல்ல. மாட்ட கொசு கடிக்காதா முதலாளி? வேலி முள்ளு கீறாதா?"

கடைசியில் அவர் எடுத்துப் போனது, அத்தனையிலும் மிக மங்கலாக இருந்த ஒரு ஜோடி. வேறொரு முதலாளியாக இருந்தால் அந்த ஆள் திரும்பவும் கடைப்படி மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். நான் மறுநாளே ஆள் அனுப்பி அவரை வேலைக்குக் கூப்பிட்டேன். ஷூ விஷயத்தில் எனக்குத் தெரியாதது இருக்கலாம். ஆளை எடை போடுவதில் நான் தோற்றதில்லை.

அதன் பிறகு என் கடைக்குப் புதுப் பெட்டி வந்தால் ததேயுஸ் கை படாமல் அலமாரிக்குப் போகாது. இரண்டு ஷூவையும் கண்ணாடி மேசையில் பக்கம் பக்கமாக வைத்து விரலால் தட்டுவார். ஆடினால் பெட்டிக்குள் திரும்பப் போகும். குதிகால் பக்கத்தை அமுக்குவார். குழைந்தால் அதுவும் போகும். "ததேயுஸ் இல்லாத நேரமாப் பாத்து வாறேன் அண்ணாச்சி" என்று ஒரு ஏஜென்ட் என்னிடமே சொன்னான். எங்கள் கடையில் எடுத்த ஷூ பத்து வருடம் நிற்கும் என்று ஊரில் பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது என் மகள் சுபிதாவின் கல்யாணத்துக்கு வருகிறேன். 2019. மாப்பிள்ளை எபிசன், பத்மநாபபுரம், கல்லூரியில் வாத்தியார். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று எல்லோரும் பையனின் முகத்தைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். ஒன்பது. மனதுக்குள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ஏனென்றால் ஒன்பதாம் நம்பரில் ஒரு ஜோடி ஷூ ஏழு வருடமாக என் பீரோவில் மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மூத்த மகனைப் பார்க்க துபாய் போயிருந்தபோது, ஒரு பெரிய கடையில் நானே தேர்ந்தெடுத்த ஷூ அது. கறுப்பு. முகம் பார்க்கலாம். மருமகனுக்கு என்று அன்றே முடிவு செய்து, பாலிதீன் உறையில் கட்டி, பாச்சா உருண்டை போட்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். எங்கள் ஊரில் கல்ஃப் சாமான் வாங்குவது பயன்படுத்த அல்ல, பீரோவில் வைக்கத்தான். வீட்டுக்கு யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவேன், திரும்பக் கட்டி வைப்பேன்.

அந்த ஷூவுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் சபையில் எல்லோரும் செருப்பை ஆலய வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு மட்டும் விலக்கு. அறுநூறு பேர் வெறுங்காலோடு இருக்கிற இடத்தில் ஒரே ஒரு ஜோடி ஷூ. அதுவும் ஆசீர்வாத ஜெபத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் முழங்காலில் நிற்கும்போது, ஷூவின் அடிப்பக்கம் சபையைப் பார்த்துத் திரும்பி இருக்கும். எடுத்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற பெண்வீட்டார் எதையாவது எடுத்துவிட்டுப் போகலாம். ஷூக்கடை ஞானசிங் எடுத்தது சொத்தையானால், நாற்பது வருடக் கடையும் அந்த ஜெப நேரத்திலேயே மூடினது போலத்தான்.

கல்யாணம் திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியம் ஷூவைக் கடைக்குக் கொண்டுவந்து, கல்லாவுக்கு முன்னால் எல்லோரும் பார்க்கும்படி ததேயுஸ் கையில் கொடுத்தேன்.

"கொள்ளாம் முதலாளி. மேல்தோலு ஒண்ணாந்தரம்" என்றார். என் சட்டைப் பொத்தான் தெறிக்கும்போல் இருந்தது. பிறகு கவிழ்த்தார். சோலில் நகத்தை வைத்து அமுக்கினார். நகம் உள்ளே இறங்கியது.

"இது எப்பம் வாங்கினது?"

"ஏழு வருசமாச்சு. ஒரு நாளு தரையில பட்டதில்ல, பாரும்."

"அதுதான் கேடு. இது ஃபோம் சோலு. கெட்டிப் பூட்டி வச்சா நம்ம கடல்காத்து ஈரம் ஏறி உள்ளுக்குள்ளயே மக்கிப் போவும். வெளியில ஒண்ணும் தெரியாது. குவைத்துல பெரிய பெரிய ஆளுக்க ஷூவெல்லாம் எனக்க கையில உதிந்திருக்கு. மாப்பிள்ளைக்கு இது வேண்டாம் முதலாளி."

கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். வாடிக்கைக்காரர்களும் நின்றார்கள். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"நாப்பது வருசமா இதுல கெடக்கேன். எனக்க மருமவனுக்கு எதப் போடணும்னு நீரு சொல்லண்டாம். பாலிஷ் போட்டுத் தாரும், அது போதும்."

அவர் துணியை எடுத்தார். பாலிஷ் போட்டார். நன்றாகவே போட்டார். பிறகு தன் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மாப்பிள்ளையின் ஷூவுக்குள் காலை நுழைத்தார். அவருக்கும் ஒன்பதுதான். குனிந்து நாடாவைக் கட்டினார்.

"ஏ ததேயுஸே! எங்க போறீரு? கழத்தும்வேய்!"

படி இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் கல்லாவை விட்டு வாசலுக்கு ஓடினேன். லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே, கைலி கட்டிய மனிதர் முகம் தெரிகிற கறுப்பு ஷூ போட்டு நடக்கிறார். சவேரியார் கோயில் பக்கம் திரும்பும் வளைவுவரை ஒன்றும் ஆகவில்லை. பார்த்தீரா என்று எனக்குள் ஒரு கொக்கரிப்பு. மாப்பிள்ளை ஷூவில் மடிப்பு விழுகிறதே என்று வயிற்றெரிச்சலும் உண்டு. வளைவில் திரும்பி வரும்போது இடது கால் சப்பென்று சத்தம் போட்டது. நாலு எட்டில் குதிகால் தனியாகக் கழன்றது. அவர் வந்த வழியெல்லாம் எள்ளுப் பிண்ணாக்கை உடைத்துப் போட்டது போல் கறுப்புத் துண்டுகள்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒருவன் கூவினான்: "ஞானசிங் கடைச் சரக்கா? நல்ல ஒறப்புதான்!"

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. "எறங்கும்வேய் கடைய விட்டு! எனக்க கண்ணு முன்னால நிக்கப்பிடாது!" என்று கத்தினேன். ததேயுஸ் உடைந்த ஷூவைக் கழற்றி, மேசையில் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.

வீட்டில் என் மனைவி நேசபாய் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்புப் பக்கம் நின்று நான் புலம்பித் தீர்த்தேன். அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"சோலு எங்க வச்சு ஒடஞ்சுது?"

"ரோட்டுல. ஊரு முழுக்கப் பாக்க."

"ரோட்டுலதானே? கோயில்ல இல்லல்லா?"

நான் ஆறின முந்திரிக்கொத்து ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"நடந்தா வேல போவும்னு அந்த மனுசனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நடந்திருக்காரு. ஒங்களுக்குக் காதுல ஏறல்ல, அதனால காலுல மாட்டிக் காட்டியிருக்காரு. போயி கூட்டிட்டு வாருங்க. இந்தச் சட்டில கருகின வாசம் வருகுது, தள்ளி நில்லுங்க."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் கடையைத் திறந்தேன். மேசைக்கு அடியில் ததேயுஸின் செருப்பு கிடந்தது. இடது வாரில் நூல் பிரிந்திருந்தது. என் கடையில் ஊசிக்கா பஞ்சம்? தைத்தேன். காரில் பக்கத்து சீட்டில் வைத்து அவர் ஊருக்குப் போனேன். கார் போகாத சந்து. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆயிரம் பேர் காலைத் தொட்டுத்தான் நான் ஆளானேன். எனக்கு அதில் என்ன குறைச்சல்?

செசிலிதான் முதலில் பார்த்தாள். "ஐயோ முதலாளி, கையில என்னது! தாருங்க இஞ்ச" என்று பிடுங்கிக்கொண்டாள். ததேயுஸ் சோற்றுத் தட்டின் முன்னால் இருந்தார்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. "நீரு சொன்னதுதான் சரி. நாளைக்குக் காலத்த கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஷூ இல்ல. வாரும்" என்றேன்.

"சோறு தின்னாச்சா?"

"வெப்ராளத்துல கெடக்கேன், சோறா?"

"இரியும். சாளக்கறி வச்சிருக்கா. தின்னுட்டுப் போவோம்."

உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்று அந்தச் சாளை மீன் கறி இறங்கினது போல எந்தக் கல்யாணச் சாப்பாடும் எனக்கு இறங்கினதில்லை. பாதியில் அவராகவே சொன்னார்: "நேத்து அந்த வளவு வர ஒண்ணும் ஆவல்ல பாத்தியளா, எனக்கு வயித்தக் கலக்கிற்று. ஒடயாம இருந்திருந்தா எனக்க கதி என்ன? கடல்ல வந்தது ரோட்டுல வரப் பாத்துது முதலாளி." செசிலி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினால் மட்டும் இல்லை.

கடைக்கு வந்து மேல்மாடி முழுக்க அலசினோம். நாற்பது வருடத்தில் முதல்முறையாக நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரு ஜோடியின் சோலைச் சுற்றித் தையல் போட்டிருந்தது. நகத்தால் நிமிண்டினார். நூல் அசையவில்லை. "இது அச்சு. தையலு மாதிரி பதிச்சது. உள்ள பசை மட்டும்தான்." இன்னொன்றின் ஹீலில் அடுக்கடுக்காகத் தோல் வைத்தது போல் கோடுகள். ஈரத்துணியால் துடைத்தார். கோடு துணியோடு வந்தது. இரண்டும் ததேயுஸ் வருமுன் நானே வாங்கி அடுக்கினது, பெருமையாக விற்றுக்கொண்டிருந்த ஜாதி!

கடைசியில் ஒன்றை எடுத்தார். கறுப்புதான், ஆனால் பளபளப்பே இல்லை. தூசி படிந்த கருங்கல் போல் இருந்தது. ஒருவரும் எடுக்காமல் கிடந்தது. "இதுக்க அடி தோலு. நூலு குழியில எறங்கி மேலயும் உள்ளயும் புடிச்சிருக்கு. பசை விட்டாலும் தையலு விடாது. உள்ளயும் தோலுதான், கையை விட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கும். மினுக்கம் நம்ம ஏத்திக்கிடலாம். இல்லாத தோல எங்க போயி ஏத்த?"

துணியை இரண்டு விரலில் சுற்றி, துளி பாலிஷ், துளி தண்ணீர். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். காய விட்டுத் திரும்பவும் தேய்த்தார். சாயங்காலம் ஆனபோது ஷூவின் மூக்கில் என் முகம் தெரிந்தது. மேலே பூசினது போல் இல்லை, உள்ளே இருந்து எழுந்து வந்தது போல் இருந்தது. பிறகு உப்புத்தாள் எடுத்து, புத்தம்புது சோலை உரச ஆரம்பித்தார்.

"ஏ, அடிய கெடுத்திராதேயும்! சபை முழுக்கப் பாக்கும்."

"புதுத் தோலு டைல்ஸ்ல வழுக்கும் முதலாளி. மாப்பிள்ள விழணுமா, அடி கொஞ்சம் உரஞ்சிருக்கணுமா?"

எனக்கு அது தோன்றியிருக்காது. எத்தனை மாப்பிள்ளைகளை வழுக்க விட்டேனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை. ஆலயம் நிறைந்திருந்தது. வாசலில் ததேயுஸ் வெறும் விரலால் கடைசியாக ஒரு துளி பாலிஷ் தேய்த்துவிட்ட பிறகு எபிசன் நடந்து வந்தான். ஒரு சறுக்கல் இல்லை. தாலி கட்டி முடிந்தது. இரண்டு பேரும் முழங்காலில் நின்றார்கள். எங்கள் சபைப் போதகரான ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை, ஆண்டவர் மன்னிப்பார். எபிசனின் இரண்டு சோலும் எங்களைப் பார்த்து நின்றன. தேன் நிறத் தோல், ஓரம் சுற்றி ஒரே சீராக ஓடுகிற தையல், சுத்தம். ஐயர் நீண்ட ஜெபக்காரர். விரல் பக்கம் நன்றாக மடங்கி இருந்தது. ஒரு துணுக்கு உதிரவில்லை. அந்த இடத்தில் சனிக்கிழமைக் கறுப்புத் துண்டுகளை நினைத்தேன்.  "ஆமென்" என்று நான் சொன்னது சபை முழுவதற்கும் கேட்டிருக்கும்.

எனக்குப் பின்னால் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தோல் சோலு, எடுத்த கை நல்ல கை. ஞானசிங்னா ஞானசிங்தான்."

பெருமை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அது என் தோளில் வந்து உட்கார்ந்தபோது, விலாசம் தவறி வந்த கடிதம் போல் இருந்தது.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும் அறைக்குப் போனோம். எபிசன் போட்டான், சுபிதா போட்டாள். மாப்பிள்ளை பக்கச் சாட்சியாக அவன் சித்தப்பா போட்டார். பெண் பக்கச் சாட்சி நான் என்று முன்பே பேசி வைத்தது. ஐயர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"ஒரு நிமிசம் ஐயரே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், வெள்ளை வேட்டியும் வெறுங்காலுமாக ததேயுஸ் நின்றார்.

"வாரும்வேய்."

"எதுக்கு?"

"ஒரு கையெழுத்து."

"முதலாளி, நான் வேற சபைக்காரன்லா."

"சாட்சின்னா பாத்தவன்தானே போடணும்? இந்தக் கல்யாணத்துல ஒம்மள விடக் கூடுதலா பாத்தது யாரு?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஐயர் ஒரு பார்வை பார்த்தார், தலையசைத்தார். நேசபாய் தன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓரமாக விலகி வழி விட்டாள். ததேயுஸ் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப்பெயரை எழுதினார். தாள் பறக்காமல் இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். கையை எடுத்தபோது, என் மகள் பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் அளவுக்குக் கறுப்பாகப் பாலிஷ் பதிந்திருந்தது.

"ஐயோ" என்று அவர் பதறினார். ஆலயப் பணியாளர் துணியோடு குனிந்தார். நான் பணியாளரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கெடக்கட்டும்" என்றேன். "தொடைக்கண்டாம்."